ஏரோஸ்பேஸ் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்: பெயர் பெற்றதா, தனித் துறை உள்ளதா?

உங்கள் கேள்வியை நான் எப்படிப் புரிந்துகொண்டேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, உலகத் தரவரிசைகளில் முன்னால் வரும் பல்கலைக்கழகம். அங்கே பட்டம் மெக்கானிக்கல். ஏரோஸ்பேஸ் என்பது கடைசி இரண்டு ஆண்டுகளில் எடுத்துக்கொள்ளும் ஒரு பிரிவு மட்டும். மற்றது வெளியே அதிகம் பேர் கேள்விப்படாத ஒன்று. ஆனால் ஏரோஸ்பேஸுக்கென்றே தனித் துறை, விண்ட் டனல் (மாதிரிகளைக் காற்றோட்டத்தில் வைத்துச் சோதிக்கும் குழாய் போன்ற அமைப்பு), மாணவர்களே நடத்தும் ராக்கெட் குழு எல்லாம் உண்டு. ராக்கெட் எஞ்சின் வடிவமைப்பதுதான் ஆசை, எதில் சேர்வது என்கிறீர்கள். நடுவில் ‘தப்பாக எடுத்துவிட்டால் கதவு மூடிவிடுமா’ என்று ஒரு வரி போட்டிருக்கிறீர்களே, உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். மூடாது. இளநிலைப் பட்டம் மூடுகிற கதவுகள் இந்தத் துறையில் மிகக் குறைவு. மூடுகிற ஓரிரண்டும் நீங்கள் கவலைப்படும் திசையில் இல்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். என் வேலை விமானக் கட்டமைப்பு. இறக்கையும் உடற்பகுதியும் எவ்வளவு சுமை தாங்கும், எத்தனை முறை பறந்தபின் எங்கே விரிசல் விடும் என்று கணக்கிடுவது. புதிதாகப் பட்டம் முடித்து வருகிறவர்களை நேர்முகத் தேர்வில் எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்பதும் பல ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். ஆகவே கட்டமைப்பு, ஏரோடைனமிக்ஸ் (விமானத்தின் மேல் காற்று பாயும் விதம்), வேலைக்கு எடுப்பவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்பவை பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். எஞ்சின் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறேனே தவிர எஞ்சினை நான் வடிவமைத்ததில்லை. அந்தப் பக்கம் நான் சொல்வதைக் கொஞ்சம் கழித்துப் படியுங்கள்.

தரவரிசையை முதலில் முடித்துவிடலாம். நீங்கள் குறிப்பிட்ட க்யூ.எஸ். பாடவாரிப் பட்டியலில் ஏரோஸ்பேஸுக்குத் தனி வரிசையே கிடையாது. மெக்கானிக்கல், ஏரோநாட்டிக்கல், உற்பத்திப் பொறியியல் மூன்றையும் ஒரே தலைப்பில் சேர்த்துத்தான் போடுகிறார்கள். அதிலும் பெரும்பங்கு பேராசிரியர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்டு வாங்கிய நற்பெயர் மதிப்பெண். ஷாங்காய் பட்டியலில் ஏரோஸ்பேஸ் தனியாக இருக்கிறது, ஆனால் அது ஆய்வுக் கட்டுரைகளை முதன்மையாக வைத்து எடைபோடுவது. இரண்டாம் ஆண்டு மாணவனுக்கு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் யார் எடுக்கிறார்கள், எத்தனை பேருக்கு எடுக்கிறார்கள் என்பது இரண்டிலுமே தெரியாது. பட்டியலில் மிகவும் கீழே இருக்கும் இடத்தைப் பற்றி யோசிக்க அது உதவும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டில் ஒன்றை எடுக்க உதவாது.

தரவரிசையை விட முக்கியமாக, ஆனால் யாருமே கேட்காத ஒன்று, பாடத்திட்டத்தின் அங்கீகாரம். 1989இல் ஆஸ்திரேலியா, கனடா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் அங்கீகார அமைப்புகள் வாஷிங்டன் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஒரு நாட்டில் அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகள் ஏறக்குறைய இணையானதாக ஏற்பது அதன் சாரம். பிறகு பல நாடுகள் சேர்ந்தன. இந்தியா 2014இல் முழு உறுப்பினரானது. கவனிக்கவேண்டியது, அங்கீகாரம் பட்டப்படிப்புக்குத்தான், பல்கலைக்கழகத்துக்கு இல்லை. ஒரே வளாகத்தில் மெக்கானிக்கலுக்கு இருந்து, நேற்று ஆரம்பித்த ஏரோஸ்பேஸுக்கு இல்லாமலிருக்கலாம். விளம்பரத் தாளை நம்பாமல், அந்த நாட்டு அங்கீகார அமைப்பின் தளத்தில் பட்டத்தின் முழுப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். பத்து நிமிட வேலை. நாளை வேறு நாட்டில் மேற்படிப்பு என்றாலும், பதிவுபெற்ற பொறியாளராக வேண்டும் என்றாலும் இது உங்கள் கூடவே வரும்.

இனி விஷயத்துக்கு. மெக்கானிக்கலுக்கும் ஏரோஸ்பேஸுக்கும் முதல் இரண்டு ஆண்டில் பெரிய வித்தியாசம் இல்லை. கணக்கு, இயக்கவியல், வெப்ப இயக்கவியல், பொருட்களின் வலிமை எல்லாம் ஒன்றுதான். பிரிவது அதற்கப்புறம். காற்றின் அடர்த்தியே மாறும் வேகத்தில் பாயும் ஓட்டம், பறக்கும் பொருளின் நிலைத்தன்மையும் கட்டுப்பாடும், சுற்றுப்பாதைக் கணக்கு, மெல்லிய தகட்டுக் கட்டமைப்பு இவையெல்லாம் ஏரோஸ்பேஸில் கட்டாயப் பாடங்கள். மெக்கானிக்கலில் விருப்பப் பாடங்கள், அல்லது இல்லவே இல்லை.

என் பக்கத்திலிருந்து ஒரு உதாரணம். நேர்முகத்தில் நான் அடிக்கடி கேட்பது இது: ஆரம் 20 மி.மீ., சுவரின் தடிமன் 1 மி.மீ. உள்ள ஒரு குழாய். அதை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நீளவாக்கில் சுவர் பிளக்கும்படி ஒரே ஒரு கீறல் கீறிவிட்டால், முறுக்கு விறைப்பு, அதாவது முறுக்குவதை எதிர்க்கும் திறன், எவ்வளவு குறையும்? ஒரு தாளைச் சுருட்டி ஒட்டி முறுக்கிப் பாருங்கள், பிறகு ஒட்டைப் பிரித்துவிட்டு முறுக்கிப் பாருங்கள், கைக்கே தெரியும். கணக்குப் போட்டால் 1200இல் ஒரு பங்காகிவிடும். பொருள் ஒரு துளிகூடக் குறையவில்லை, எடையும் அதே. இறக்கை ஏன் மூடிய பெட்டியாக இருக்கிறது, கதவுக்கும் ஜன்னலுக்கும் துளைபோடும் இடத்தில் ஏன் இவ்வளவு கவலை என்பதெல்லாம் இந்த ஒரு கணக்கிலிருந்து பிடிபடும். தனித் துறையில் படித்தவர்களில் நடுத்தர மாணவர்கூட இதைத் தொட்டுவிடுகிறார். மெக்கானிக்கலில் நன்றாகப் படித்தவர் அஞ்சு நிமிடம் யோசித்துச் சொல்லிவிடுவார். நடுத்தர மாணவர் ‘கீறல்தானே, கொஞ்சம் குறையும்’ என்பார். வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: முதலிடத்தில் நிற்பவர் எங்கே போட்டாலும் தேறிவிடுகிறார். ஒரு துறையின் தரம் தெரிவது நடுவில் இருப்பவரிடம். கல்லூரிகளை ஒப்பிடும்போது ‘இங்கே படித்தவர் இன்னார் நாசாவில் இருக்கிறார்’ என்பதை ஒதுக்கிவிட்டு, வகுப்பின் நடுவில் இருப்பவர் நான்கு ஆண்டில் எதைக் கையால் தொட்டுவிட்டு வெளியே வருகிறார் என்று விசாரியுங்கள். இந்தப் பதிலில் நான் அழுத்திச் சொல்வது இது ஒன்றைத்தான்.

ஆனால் உங்கள் ஆசை எஞ்சின். அங்கே கதை கொஞ்சம் மாறுகிறது. ராக்கெட் எஞ்சின் என்பது எரிதல், வெப்பப் பரிமாற்றம், அதிவேகத்தில் சுற்றும் பம்பு, உச்ச வெப்பத்தைத் தாங்கும் உலோகம், சீல், பேரிங்; பாதிக்கு மேல் மெக்கானிக்கல் விஷயம். ஸ்பேஸ்எக்ஸின் மெர்லின் எஞ்சினை வடிவமைப்பதில் முன்நின்ற டாம் முல்லர் இளநிலையில் படித்தது ஐடஹோ பல்கலைக்கழகத்தில், மெக்கானிக்கல். இஸ்ரோவின் தலைவராக இருந்த சதீஷ் தவனின் இளநிலைப் படிப்பிலும் மெக்கானிக்கல் உண்டு. ஏரோநாட்டிக்ஸுக்கு வந்தது அதற்குப் பிறகு அமெரிக்காவில், முனைவர் பட்டம் 1951இல் கால்டெக்கில். இப்படிப்பட்ட பெயர்களை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, அதே பாதையில் போய்ப் பேர் தெரியாமல் போனவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். மெக்கானிக்கல் பட்டம் எஞ்சின் பக்கம் தடையில்லை என்பதற்கு மட்டும் இது போதும்.

விண்ட் டனலைப் பற்றி எல்லாப் பல்கலைக்கழகங்களும் பெருமையடித்துக்கொள்ளும். அளவைக் கேட்காதீர்கள்; பெரும்பாலும் பொருட்டில்லை. மாணவர் ஆய்வகத்தில் 10 செ.மீ. அகல இறக்கை மாதிரியை விநாடிக்கு 30 மீட்டர் காற்றில் வைத்தால் ரெனால்ட்ஸ் எண் (வேகம், அளவு, காற்றின் பிசுபிசுப்பு ஆகியவற்றைச் சேர்த்து ஓட்டத்தின் தன்மையைச் சொல்லும் எண்) சுமார் 2 லட்சம். பயணிகள் விமானத்தின் இறக்கையில் அது கோடிகளில் இருக்கும். ஆகவே அந்தச் சின்ன டனலில் நீங்கள் அளப்பது நிஜ விமானத்தின் நடத்தை ஆகாது, அதற்காக அது வைக்கப்படவும் இல்லை. கற்றுக்கொள்வது வேறு: விசையை அளக்கும் தராசை அளவுதிருத்தம் செய்வது, காற்றின் வேகத்தை அளக்கும் பிடாட் குழாய் சற்றே சாய்ந்திருந்தால் என்ன ஆகும், டனலின் சுவர் முடிவை எப்படி மாற்றுகிறது, நம் எண்ணில் எத்தனை இலக்கம் நம்பத்தக்கது. இதெல்லாம் கைபட்டால்தான் வரும். எனவே கேட்கவேண்டியது: இளநிலை மாணவர் மாதிரியைத் தானே செய்து, தானே பொருத்தி, தானே அளக்கிறாரா? அல்லது ஆய்வக உதவியாளர் ஓட்டிக் காட்ட, இருபது பேர் கண்ணாடிக்கு வெளியே நின்று எண்களை எழுதிக்கொள்கிறார்களா? இரண்டும் மதிப்பெண் பட்டியலில் ஒரே பெயரில்தான் வரும்.

கைபட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்க விமான நிறுவனமான லாக்ஹீடின் வடிவமைப்பாளர் கெல்லி ஜான்சன் கதை எனக்குப் பிடித்தது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது லாக்ஹீட் நிறுவனத்தின் எலெக்ட்ரா விமான மாதிரி அங்கிருந்த விண்ட் டனலுக்குச் சோதனைக்கு வந்தது. விமானம் நிலையாகப் பறக்காது என்று அவருக்குப் பட்டது. 1933இல் லாக்ஹீடில் வேலைக்குச் சேர்ந்ததும் முகத்துக்கு நேரே அதைச் சொன்னார். நீயே போய்ச் சரிசெய் என்று மாதிரியோடு அதே டனலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்து அவர் கொண்டுவந்ததுதான் இரட்டை வால்துடுப்பு. அந்தப் பல்கலைக்கழகம் ஒரு மாணவனை டனலுக்குள் கைவைக்க விட்டதை யோசித்துப் பாருங்கள்.

இன்னும் ஒரு படி மேலே, சில இடங்களில் விமானமே ஆய்வகம். நெதர்லாந்தின் டெல்ஃப்டும் பிரிட்டனின் கிரான்ஃபீல்டும் இதற்குப் பெயர் பெற்றவை. மாணவர்களைப் பின்னிருக்கையில் உட்காரவைத்து, விமானி மூக்கைச் சற்று உயர்த்திவிட்டுக் கட்டுப்பாட்டை விட்டுவிடுவார். விமானம் மெதுவாக ஏறும், வேகம் குறையும், பிறகு இறங்கும், வேகம் கூடும், மறுபடி ஏறும். விநாடிக்கு 100 மீட்டரில் பறந்தால் ஒரு சுற்றுக்கு சுமார் 45 விநாடி ஆகும் என்று ஒரு வரிச் சமன்பாடு சொல்கிறது; நிறுத்துக் கடிகாரத்தோடு சரிபார்க்கலாம். வயிற்றைப் பிரட்டிக்கொண்டே அளந்த எண் மறக்காது. இந்த வசதி இல்லாத துறை மோசம் என்று சொல்லமாட்டேன். உலகில் பெரும்பாலான நல்ல துறைகளில் இல்லை. இருந்தால் கூடுதல் மதிப்பெண் போடுங்கள்.

ராக்கெட் குழு பற்றி. குழுவில் இருந்தவர்களை நிறுவனங்கள் விரும்புகின்றன, இது உறுதி. ஆனால் ‘ராக்கெட் குழுவில் இருந்தேன்’ என்பதற்கு மதிப்பில்லை; அடுத்த கேள்வி ‘நீங்கள் என்ன செய்தீர்கள்’ என்பதுதான். பாராசூட் விரியும் பகுதியை வடிவமைத்து, முதல் முறை விரியாமல் போக, காரணத்தைக் கண்டுபிடித்து எழுதியவரிடம் ஒரு மணிநேரம் பேசலாம். சமூக ஊடகப் பொறுப்பாளராக இருந்தவரிடம் இரண்டு நிமிடம். ஆகவே முதலாண்டு மாணவருக்கு அங்கே உருப்படியான வேலை கொடுக்கிறார்களா, தோற்றுப்போன சோதனைகளுக்கு அறிக்கை எழுதி அடுத்த ஆண்டுக்காரர்களுக்குக் கொடுக்கிறார்களா என்று குழுவினரிடமே கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குத் திருதிருவென்று விழித்தால் அது பொழுதுபோக்குக் குழு. இன்னொன்று: குழுக்கள் நபர்களை நம்பி நிற்பவை. இன்றைக்குப் பிரமாதமாக இருப்பது நீங்கள் மூன்றாம் ஆண்டு வரும்போது இப்படியே இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

இப்போது கதவுகள். உண்மையில் மூடுகிற முதல் கதவு குடியுரிமை. அமெரிக்காவில் ராக்கெட் தொழில்நுட்பம் ஆயுத ஏற்றுமதி விதிகளின் கீழ் வருகிறது, ஐடார் என்பார்கள். அந்த விதிகளின்படி குடிமக்கள், நிரந்தர வதிவுரிமை பெற்றவர்கள், அகதி அல்லது புகலிடத் தகுதி பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு அந்தத் தொழில்நுட்பத்தைக் காட்டவே தனி உரிமம் வேண்டும். படிக்கலாம், முனைவர் பட்டமே வாங்கலாம், வகுப்பறைக்குள் தடையில்லை. ஆனால் ராக்கெட் நிறுவனங்கள் பெரும்பாலும் வேலைக்கு அழைப்பதே இந்த வட்டத்துக்குள் இருப்பவர்களை. ஐரோப்பிய விண்வெளி அமைப்பும் பொதுவாக உறுப்பு நாடுகளின் குடிமக்களுக்கே வேலை தருகிறது. மற்ற நாடுகளின் அரசு விண்வெளி நிறுவனங்களும் ஏறக்குறைய அப்படித்தான். ஆக, எங்கே படிக்கிறீர்கள் என்பதை விட, உங்கள் கடவுச்சீட்டை வைத்து எந்த நாட்டில் ராக்கெட்டைத் தொட முடியும் என்பது முன்னால் வரவேண்டிய கேள்வி. உங்கள் குடியுரிமையை நீங்கள் எழுதவில்லை, அதனால் இதற்கு மேல் நான் சொல்ல முடியாது. பயணிகள் விமானம், அதன் எஞ்சின் பக்கம் இந்தக் கெடுபிடி மிகவும் குறைவு என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது கதவு, கடன். பெயருக்காகப் பெரிய கடன் வாங்கினால், பட்டம் முடித்தபின் குறைந்த சம்பளத்தில் நல்ல வேலை கற்றுக்கொடுக்கும் சின்ன நிறுவனத்துக்கோ, மேற்படிப்புக்கோ போக முடியாமல், அதிகம் தரும் முதல் வேலைக்கு, அது எந்தத் துறையானாலும், போகவேண்டிவரும். நல்ல மாணவர்கள் இந்தத் துறையை விட்டுப் போனதை நான் பார்த்தது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

மெக்கானிக்கலுக்குச் சாதகமாக ஒரு நியாயத்தையும் மறைக்கக்கூடாது. விமானத் தொழில் ஏறி இறங்கும். போயிங்கில் ஆட்குறைப்பு உச்சத்தில் இருந்த 1971இல், சியாட்டிலை விட்டுக் கடைசியாகப் போகிறவர் விளக்கை அணைத்துவிட்டுப் போங்கள் என்று சாலையோரம் விளம்பரப் பலகையே வைத்தார்கள். 2020இல் விமானங்கள் தரையில் நின்றபோது அன்று பட்டம் முடித்தவர்களும் அதைக் கண்டார்கள். மந்தத்தில் வெளியே வருபவருக்கு மெக்கானிக்கல் என்ற பெயர் வேறு தொழிலுக்குள் நுழையச் சுலபமாக இருக்கிறது. இந்தச் சாதகம் எவ்வளவு பெரியது என்பதில் என்னோடு வேலை செய்பவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஏரோஸ்பேஸ் படித்தவரும் காற்றாலைக்கும் வாகனத் தொழிலுக்கும் போகிறார்கள், ஆனால் ஒவ்வொரு முறையும் தன் பட்டம் என்னவென்று விளக்கவேண்டியிருக்கிறது.

உங்கள் இரண்டு இடங்களுக்கு வருவோம். நீங்கள் சொன்ன தகவல்களை மட்டும் வைத்து, இரண்டாவது பல்கலைக்கழகத்தின் பட்டத்துக்கு அங்கீகாரம் இருந்தால், நான் அதைத்தான் எடுப்பேன். அடிப்படைப் பாடங்கள் கட்டாயமாக வருகின்றன, கையால் வேலை செய்ய வழியிருக்கிறது, பெயர் வேண்டுமென்றால் முதுநிலையில் வாங்கிக்கொள்ளலாம். எஞ்சின் வடிவமைப்பு போன்ற நுணுக்கமான வேலைக்கு முதுநிலை எப்படியும் பெரும்பாலும் தேவைப்படும். அங்கீகாரம் இல்லையென்றால் யோசிக்காமல் முதலாவது. ஆனால் முதலாவதை ஒதுக்குவதற்கு முன் அவர்களுக்கு இரண்டு கேள்வி எழுதிக் கேளுங்கள். ஏரோஸ்பேஸ் பிரிவுக்கு விரும்பிய எல்லோருக்கும் இடம் உண்டா, மதிப்பெண் வைத்து வடிகட்டுவார்களா? பாடப்பட்டியலில் இருக்கும் ராக்கெட் புரொபல்ஷனும் (உந்துவிசை) அதிவேக ஓட்டமும் கடந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையிலேயே நடத்தப்பட்டனவா? பட்டியலில் பத்து விருப்பப் பாடம் இருக்கும், கால அட்டவணையில் மூன்றுதான் இருக்கும். அட்டவணையையே அனுப்பச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால் என் தீர்ப்பு சமநிலைக்கு வந்துவிடும், அப்போது செலவு குறைந்ததை எடுங்கள். சேர்க்கை அலுவலகம் சொல்வதோடு நிறுத்தாமல் இறுதியாண்டு மாணவர் இரண்டு மூன்று பேரிடமும் பேசுங்கள். போன ஆண்டு இறுதித் திட்டப்பணிகளின் தலைப்புகளை வாங்கிப் பாருங்கள். எல்லாமே கணினியில் ஓட்டிய சிமுலேஷனாக இருந்து, எதையும் செய்து அளந்ததாக ஒன்றுகூட இல்லையென்றால் அந்த விண்ட் டனல் புகைப்படத்துக்குத்தான்.

கடைசியில், சேர்வதற்கு முன் உள்ள மாதங்களில் எந்த மென்பொருள் கற்றுக்கொள்ளலாம் என்று கேட்டிருந்தீர்கள். சிமுலேஷன் மென்பொருள் எதையும் தொடாதீர்கள். கேட்டதற்கெல்லாம் அழகான வண்ணப்படம் தரும், சரியா தப்பா என்று தெரிந்துகொள்ளும் அறிவு அதற்கு முன் வேண்டும். பைத்தான் கொஞ்சம், அணிகளும் (மேட்ரிக்ஸ்) வகைக்கெழுச் சமன்பாடுகளும் நிறைய. பைத்தானில் முதல் பயிற்சியாக, காற்றுத் தடையோடு மேலே எறிந்த பந்து எவ்வளவு உயரம் போகும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். அது வந்துவிட்டால் பந்தின் நிறை எரிந்து குறைந்துகொண்டே போவதாகவும், அந்த எரிதலே பந்தை மேலே தள்ளுவதாகவும் மாற்றுங்கள். அப்போது அது ராக்கெட்.